விரல்நுனியின் சிக்கனம்

ஸ்வீடனின் வடக்கே உமேயோ என்றொரு பல்கலைக்கழக நகரம். அங்கே 1980களின் தொடக்கத்தில் ரோலண்ட் யோஹான்சன், யோரான் வெஸ்ட்லிங் என்ற இரண்டு உடலியல் ஆய்வாளர்கள் ஒரு சின்னக் கருவியைச் செய்தார்கள். கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்துத் தூக்குகிற ஒரு பொருள். விரல் படும் இரு பக்கங்களிலும் வில்லைகள்; கழற்றி மாற்றலாம். ஒரு சோடிக்கு உப்புத்தாள் ஒட்டியிருக்கும், இன்னொன்றுக்கு ஸ்வேட் தோல், மற்றொன்றுக்குப் பட்டு. எடையையும் தூக்குபவருக்குத் தெரியாமல் கூட்டலாம், குறைக்கலாம். உள்ளே இருக்கும் உணரிகள் இரண்டு விசைகளைத் தனித்தனியே அளக்கும். விரல்கள் இருபுறமும் அமுக்கும் பிடிவிசை ஒன்று. மேலே இழுக்கும் தூக்குவிசை இன்னொன்று. தூக்குங்கள், சற்றுப் பிடித்திருங்கள், கீழே வையுங்கள். சோதனை இவ்வளவுதான்.

1984இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின் வரைகோடுகளை நிதானமாகப் பார்க்க வேண்டும். பொருளைத் தொட்டதும் பிடிவிசை மட்டும் கொஞ்சம் ஏறுகிறது. கண் சிமிட்டும் நேரத்துக்குள் தூக்குவிசையும் கிளம்பிவிடுகிறது. அதன் பிறகு இரண்டும் ஒன்றையொன்று விடாமல் சேர்ந்தே ஏறுகின்றன. முதலில் இறுகப் பிடித்து, பிறகு தூக்குவது என்ற கணக்கே கையிடம் இல்லை. தூக்கத் தூக்கத்தான் பிடிக்கிறது. எவ்வளவு தூக்குகிறதோ அதற்கேற்ற அளவு மட்டும் பிடிக்கிறது.

தூக்குவிசைக்கு எதிராகப் பிடிவிசையை வரைந்தால் இன்னும் அழகு. எடையைக் கூட்டினால் கோடு நீள்கிறது, சரிவு மாறுவதில்லை. உப்புத்தாளை எடுத்துவிட்டுப் பட்டை வைத்தால் கோட்டின் சரிவு கூடுகிறது. எடைக்கு ஒரு பதில், வழுக்கலுக்கு வேறொரு பதில். இரண்டையும் கை குழப்பிக்கொள்வதே இல்லை. தூக்கியவர்களிடம் கேட்டிருந்தால் "சும்மா எடுத்தேன்" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

கணக்கைச் சற்றுப் பார்த்துவிடலாம், எளிதுதான். 200 கிராம் பொருளின் எடை ஏறக்குறைய 2 நியூட்டன். இரண்டு விரல்களின் உராய்வும் சேர்ந்து அதைத் தாங்க வேண்டும். உராய்வுக் கெழு 1 என்றால் ஒவ்வொரு விரலும் 1 நியூட்டன் அமுக்கினால் போதும். கெழு பாதியானால் அமுக்கம் இரண்டு மடங்காக வேண்டும். இதற்குக் கீழே போனால் பொருள் நழுவிவிடும். இதற்கு மேலே கொடுப்பதெல்லாம் பாதுகாப்புக்காக வைக்கும் மிச்சம். ஆரோக்கியமான கைக்கு இருபது மடங்கு அமுக்கவும் தெம்பு உண்டு. ஆனால் பழக்கப்பட்ட கை வைத்துக்கொள்ளும் மிச்சம் பெரும்பாலும் பத்திலிருந்து நாற்பது சதவீதம்தான். வழுக்கும் எல்லைக்கு இவ்வளவு அருகில் நாள் முழுவதும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், பாத்திரமும் பெரும்பாலும் விழுவதில்லை.

பிடி என்றாலே வலுவைத்தான் புகழ்கிறோம். உடும்புப் பிடி, இரும்புப் பிடி, குரங்குப் பிடி என்று மொழி முழுக்க அதே பெருமை. உடற்பயிற்சிக் கூடங்களிலும் கைப்பிடி வலுவை அளக்கும் டைனமோமீட்டரில் முள் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்றுதான் பார்க்கிறார்கள். எனக்கென்னவோ, கையின் மேன்மை முள் ஓடாத இடத்தில்தான் இருக்கிறது என்று படுகிறது. நசுக்க வலுவிருந்தும், போதும் என்று நிறுத்துகிற இடம் அது.

அந்த இடத்தைக் கை எப்படித் தெரிந்துகொள்கிறது?

தோலைத்தான் கேட்க வேண்டும். கண்ணாடி டம்ளரை ஒரு விரல்நுனி தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். விரலின் சதை முதலில் மெத்தென்று விட்டுக்கொடுத்துப் பரவுகிறது. மிகச் சிறிய அமுக்கத்திலேயே தொடுபரப்பின் பெரும்பகுதி அமைந்துவிடும். அதற்கு மேல் அழுத்தினால் சதை சட்டென்று விறைத்துக்கொள்ளும். பரப்பின் நடுவில் அழுத்தம் அதிகம், ஓரத்தில் குறைவு. எனவே டம்ளர் நழுவத் தொடங்கும்போது விரல் முழுவதும் ஒரே நேரத்தில் வழுக்குவதில்லை. ஓரத்தில் இருக்கும் தோல் முதலில் மிகச் சிறிய அளவு வழுக்கும், நடுத்தோல் இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும். விழுவதற்கு முன்பே, விழப்போகிறது என்ற செய்தி ஓரத்திலிருந்து கிளம்பிவிடுகிறது. பிடியைச் சற்று இறுக்கு என்ற கட்டளை பத்தில் ஒரு நொடிக்குள் தசைக்கு வந்து சேர்கிறது. அந்தத் தசையும் விரலில் இல்லை. விரலை மடக்கும் பெரிய தசைகளெல்லாம் முன்கையில் இருக்கின்றன, அங்கிருந்து தசைநாண்கள் வழியாக இழுக்கின்றன. இத்தனையும் நடந்து முடிந்தது நமக்குப் பல வேளைகளில் தெரிவதுகூட இல்லை.

கையின் உட்புறத் தோலில் ஏறத்தாழ 17,000 தொடு நரம்பிழைகள் முடிகின்றன என்று யோஹான்சனும் ஓகே வால்போவும் 1979இல் கணக்கிட்டார்கள். விழித்திருக்கும் மனிதரின் கை நரம்புக்குள் மெல்லிய டங்ஸ்டன் ஊசியைச் செலுத்தி, ஒற்றை இழையில் ஓடும் துடிப்புகளைப் பதிவு செய்கிற முறை ஸ்வீடனில்தான் 1960களில் உருவானது. ஒலிபெருக்கியில் இணைத்தால் விரல்நுனி பேசுவதைப் பட்பட்டென்ற ஓசையாகக் கேட்கலாம். அப்படிக் கேட்டதில் நான்கு வகை இழைகள் பிரிந்து தெரிந்தன. இரண்டு வகை, அழுத்தம் இருக்கும் வரை பேசிக்கொண்டே இருக்கும். மற்ற இரண்டும் மாற்றம் நடக்கும்போது மட்டும் வாய் திறக்கும். ஓரத்து வழுக்கலைச் சொல்வதில் முந்திக்கொள்பவை மைஸ்னர் உணர்வேற்பிகளில் முடியும் இழைகள். விரல்நுனியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நூற்றுக்கு மேல் நெருக்கிக்கொண்டிருக்கின்றன.

இன்னொரு வகை பச்சினியின் உணர்வேற்பி. 1830களில் பிலிப்போ பச்சினி என்ற இத்தாலியர் கண்டு எழுதியது. அடுக்கடுக்கான உறைகளோடு ஒரு மில்லிமீட்டர் வரை வளர்வதால் வெறும் கண்ணுக்கே தெரியும். நொடிக்கு 200, 300 முறை துடிக்கும் அதிர்வை இது மிக நன்றாகக் கேட்கும். ஒரு மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அசைவு இதற்குப் போதும். மேசையிலிருந்து டம்ளரின் அடி விடுபடும் கணத்தில் ஒரு சிறு அதிர்வு எழுகிறதல்லவா, அதைப் பிடித்து "கிளம்பிவிட்டது" என்று மூளைக்குச் சொல்வது இதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் இங்கேதான் இருக்கிறது. ஒரு பொருளின் எடை தூக்கும் வரை யாருக்கும் தெரியாது. எனவே கை, போன முறை தூக்கிய நினைவை நம்பித்தான் விசையைப் பாய்ச்சுகிறது. 800 கிராமைத் தூக்கிப் பழகிய கையிடம் சொல்லாமல் 200 கிராமைக் கொடுத்தால் பொருள் எதிர்பார்த்ததற்கு முன்பே கிளம்பிவிடும். கிளம்பிய செய்தி ஓடிப் போய் விசையைக் குறைப்பதற்குள் கை மேலே எகிறியிருக்கும். காலி எண்ணெய்த் தூக்கை நிறைந்தது என்று நினைத்துத் தூக்கியவர்களுக்கு இது தெரிந்த கதை. நயம் இதற்கு நேரெதிர் கதையில். 200 கிராமுக்குப் பழகிய கையிடம் 800 கிராமைக் கொடுத்தால், கிளம்ப வேண்டிய கணம் வருகிறது, பொருள் கிளம்பவில்லை. அப்போது தோலிலிருந்து எந்தப் புதுச் செய்தியும் வருவதில்லை. எதிர்பார்த்த அதிர்வு எதிர்பார்த்த நேரத்தில் வரவில்லை என்பதே செய்தியாகிவிடுகிறது. உடனே கை பிடியையும் தூக்கலையும் படிப்படியாகக் கூட்டித் துழாவுகிறது, பொருள் அசையும் வரை. வந்த கடிதத்துக்குப் பதில் எழுதுவது யாருக்கும் முடியும். வராத கடிதத்துக்கும் உரிய நேரத்தில் பதில் எழுதுகிறது விரல்.

இந்தத் தோலை மரப்பு ஊசி போட்டு மரக்கச் செய்தால் என்ன ஆகும் என்றும் யோஹான்சனும் வெஸ்ட்லிங்கும் பார்த்தார்கள். உப்புத்தாளா பட்டா என்ற வேறுபாடு பிடியிலிருந்து மறைந்துவிட்டது. தசையும் மூளையும் அப்படியேதான் இருந்தன. ஆனாலும் சிக்கனம் போய்விட்டது. கை தேவைக்கு மேல் இறுக்கியது. விரல்நுனி மரத்த நிலையில் ஒரு தீக்குச்சியை எடுத்து உரசுவதே பெரும்பாடு.

தலைக்குத் தெரியாதது கைக்குத் தெரியும் என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. ஒரே எடையுள்ள இரண்டு பெட்டிகளில் சின்னதுதான் கனமாகத் தோன்றும். பிரெஞ்சு மருத்துவர் சார்ப்பாந்தியே 1891இலேயே எழுதிவைத்த மாயம் இது. கனடாவின் கிங்ஸ்டனில் ராண்டல் ஃபிளானகனும் மைக்கேல் பெல்ட்ஸ்னரும் 2000ஆம் ஆண்டில் இதைப் பிடிவிசையோடு சேர்த்து அளந்தார்கள். முதல் முறை கையும் ஏமாறியது, பெரிய பெட்டிக்கு அதிக விசை கொடுத்தது. சில முறை தூக்கிப் பார்த்ததும் கை திருந்திவிட்டது; இரண்டுக்கும் ஒரே விசை. ஆனால் அந்த மனிதரிடம் கேட்டால் கடைசி வரை "சின்னதுதான் கனம்" என்கிறார். தன் விரல்களே மறுத்துக்கொண்டிருக்கும் ஒன்றை வாய் அடித்துச் சொல்கிறது! எத்தனையோ விவாதங்களில் இப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறோம்.

எதிர்வினை மட்டும் என்றால் நல்ல இயந்திரமும் செய்யும். கை அதற்கு ஒரு படி மேலே போகிறது. சாஸ் பாட்டிலை மேலும் கீழும் உலுக்கும்போது அதன் முடுக்கத்துக்கேற்பச் சுமை ஏறி இறங்கும். பிடிவிசை அதைத் தொடர்ந்து ஓடுவதில்லை. கூடவே ஓடுகிறது, தாமதமே இல்லை. நரம்பில் செய்தி போய்வர ஆகும் நேரத்தைப் பார்த்தால், இது நடந்த பின் செய்யும் திருத்தமாக இருக்கவே முடியாது. கையை எப்படி வீசப்போகிறோம், அதனால் என்ன சுமை வரும் என்று முன்கூட்டியே கணித்து விரலுக்குச் சொல்லிவிடுகிறது மூளை. இதில் சிறுமூளைக்குப் பெரும்பங்கு உண்டு. அது பழுதானவர்களுக்குப் பிடி இருக்கும், இந்த முன்னறிவு தடுமாறும்.

யோஹான்சனும் வெஸ்ட்லிங்கும் 1988இல் வெளியிட்ட இன்னொரு சோதனை இதை அருமையாகக் காட்டுகிறது. இரு விரல்களால் பிடித்திருக்கும் ஒரு கிண்ணத்துக்குள் பந்து ஒன்றை விழவிட வேண்டும். கண்ணை மூடிய நிலையில் வேறொருவர் போட்டால், பந்து விழுந்து அடித்த பிறகுதான் பிடி இறுகுகிறது. நாமே மற்றொரு கையால் போட்டால் பந்து விழுவதற்கு முன்பே பிடி இறுகத் தொடங்கிவிடுகிறது, மோதும் கணத்தில் தயாராக இருக்கிறது. வலக்கை செய்யப்போவது இடக்கைக்குத் தெரிந்திருக்கிறது.

டவராவும் டம்ளருமாகக் காப்பி ஆற்றுகிறவரின் இரண்டு கைகளை நினைத்துப் பாருங்கள். மேலே இருக்கும் கையில் எடை குறைந்துகொண்டே வருகிறது, கீழே ஏந்தும் கையில் கூடிக்கொண்டே போகிறது. ஊற்றும் கை உயர்ந்துகொண்டும் இருக்கிறது. சூட்டினால் விளிம்பை மட்டும் பிடித்திருக்கிறார். இவ்வளவுக்கும் நடுவில் எதிரே இருப்பவரோடு அரசியல் பேசுகிறார்.

இது பிறவியிலேயே வருவதும் அல்ல. சின்னக் குழந்தைகள் பொருளைத் தூக்குவதற்கு முன் கீழ்நோக்கி ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, வேண்டியதைவிட அதிகமாக இறுக்கிப் பிடித்து, பிறகுதான் தூக்குகிறார்கள். ஹான்ஸ் ஃபோர்ஸ்பெரியின் குழு 1990களில் இதை அளந்தது. இரண்டு விசைகளும் பெரியவர்களைப்போல ஒன்றுசேர்ந்து ஏறப் பல ஆண்டுகள் ஆகின்றன. முதுமையில் தோல் உலர, மிச்சம் மறுபடியும் கூடுகிறது. அந்தச் சிக்கனம் நம்மிடம் இருப்பது இடைப்பட்ட காலத்தில்தான்.

தோலின் ஈரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. வேலையைத் தொடங்கும் முன் உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டு மண்வெட்டியைப் பிடிப்பவரும், எச்சில் தொட்டுப் பயணச்சீட்டைக் கிழித்த நடத்துநரும் சுகாதாரத்தில் தவறியிருக்கலாம், இயற்பியலில் தவறவில்லை. காய்ந்த தோல் வழுக்கும். சற்று நனைந்த தோல் மென்மையாகிப் பொருளோடு நன்றாகப் பரவி ஒட்டும். நீர் மிஞ்சினால் மறுபடி வழுக்கும். கண்ணாடியைப் பிடித்தபடி சில நொடிகள் இருந்தால் விரலின் சொந்த வியர்வையே போக வழியின்றித் தங்கி, உராய்வைக் கூட்டிக் கொடுக்கிறது.

ரேகைகள் பிடிக்காகத்தான் இருக்கின்றன என்று நெடுநாள் நம்பினார்கள். 2009இல் மான்செஸ்டரில் பீட்டர் வார்மனும் ரோலண்ட் என்னோஸும் அக்ரிலிக் பலகையில் விரலைத் தேய்த்து அளந்தபோது, ரேகைப் பள்ளங்கள் தொடுபரப்பைக் குறைக்கவே செய்கின்றன என்று தெரிந்தது. அப்படியானால் எதற்கு? 2020இல் சியோலில் ஒரு குழு சொன்ன பதில் எனக்கு நிறைவாக இருக்கிறது: பள்ளங்கள் ஈரத்தை அளவாக வைக்கும் வாய்க்கால்கள். மிகை வியர்வை அவற்றின் வழியே பரவி ஆவியாகிறது. ரேகை நேரடியாகப் பிடிப்பதில்லை, பிடிப்பதற்கேற்ற ஈரத்தைக் காத்துக் கொடுக்கிறது.

தண்ணீரில் ஊறிச் சுருங்கும் விரலும் இதே கதைதான். தோல் ஊறி உப்புவதால் வரும் சுருக்கம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் நரம்பு அறுபட்ட விரல் எவ்வளவு ஊறினாலும் சுருங்குவதில்லை என்று 1930களிலேயே மருத்துவர்கள் கவனித்தார்கள். உடல் வேண்டுமென்றே செய்கிற காரியம் அது. 2013இல் நியூகாசில் ஆய்வாளர்கள், சுருங்கிய விரல்கள் ஈரக் கோலிகளை வேகமாக இடம் மாற்றுகின்றன என்றார்கள். அடுத்த ஆண்டே வேறொரு குழு அப்படியெதுவும் இல்லை என்றது. 2021இல் நிக் டேவிஸ் வேகத்தை விட்டுவிட்டுப் பிடிவிசையை அளந்தார். ஈரப் பொருளைப் பிடிக்கச் சுருங்கிய விரலுக்குக் குறைந்த விசை போதுமாக இருந்தது. கேட்க வேண்டிய கேள்வியே அதுதான் என்று நினைக்கிறேன். இங்கும் மிச்சப்படுவது விசை.

இனி இயந்திரங்கள். இரும்புக் கைக்கு வலு ஒரு பொருட்டே அல்ல. கார் கதவை நாள் முழுவதும் தூக்கிவைக்கும். பச்சை முட்டையைக் கொடுத்தால்தான் திண்டாட்டம். இதற்கு வந்த தீர்வுகளில் எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வரவழைத்தது, 2010இல் சிகாகோ, கார்னெல் பல்கலைக்கழகங்களும் ஐரோபாட் நிறுவனமும் சேர்ந்து செய்த விரலில்லாக் கை. ஒரு ரப்பர் பலூன், உள்ளே காப்பித்தூள். பலூனைப் பொருளின் மேல் அழுத்தினால் தூள் நகர்ந்து பொருளின் வடிவத்துக்கு வளைந்துகொடுக்கும். பிறகு உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டால் தூள் இறுகிக் கல்லாகிவிடும். கடையில் வாங்கும் காற்றுறிஞ்சிய காப்பித்தூள் பொட்டலம் பிரிக்கும் வரை செங்கல்லாக இருக்குமே, அதே சங்கதி. பலூனின் கனஅளவு அரை சதவீதத்துக்கும் குறைவாகச் சுருங்கினாலே பொருள் சிக்கிக்கொள்கிறது. முட்டையையும் எடுக்கும், நாணயத்தையும் எடுக்கும். அதற்கு உணர்வு என்று எதுவும் இல்லை, கணக்குப் போடவும் தெரியாது. எவ்வளவு அமுக்குவது என்ற கேள்வியையே ஓரங்கட்டிவிட்ட கெட்டிக்காரத்தனம் அது. பாராட்டலாம்; ஆனால் கையில் பிடித்த பேனாவைத் திருப்பி மூடியைக் கழற்று என்றால் பலூன் என்ன செய்யும்?

கேள்வியை நேராகச் சந்தித்தவர்களும் உண்டு. எம்ஐடியில் எட்வர்ட் ஆடெல்சனின் குழு செய்த ஜெல்சைட் விரலின் நுனி, தெளிந்த ரப்பர்க் கூழ். அதன் பின்னால் ஒரு கேமரா. கூழ் எங்கே அமுங்குகிறது, மேலே வைத்த புள்ளிகள் எப்படி நகர்கின்றன என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். ஓரப் புள்ளிகள் நடுப்புள்ளிகளை விட்டு விலகினால் நழுவப்போகிறது என்று பொருள். மனித விரலின் ஓரத்தில் நடக்கும் அதே விஷயத்தைக் கண்ணால் படிக்க வைத்திருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் மனத்தில் நிற்பது கிளீவ்லாந்தின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் டஸ்டின் டைலரின் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வு. கையை இழந்த ஒருவருக்குச் செயற்கைக் கை. அதன் விரலில் உள்ள உணரி, முழங்கைக்குக் கீழே எஞ்சியிருக்கும் நரம்பைச் சுற்றிப் பொருத்திய மின்முனைக்குச் செய்தி அனுப்புகிறது. இல்லாத விரலில் தொடு உணர்வு எழுகிறது. அவரிடம் செர்ரிப் பழங்களைக் கொடுத்துக் காம்பைப் பறிக்கச் சொன்னார்கள். உணர்வு வராதபடி இணைப்பைத் துண்டித்திருந்தபோது பல பழங்கள் நசுங்கின, சாறு தெறித்தது. இணைப்பைக் கொடுத்ததும், கண்ணைக் கட்டியிருந்தபோதும்கூட, பழம் பெரும்பாலும் பழமாகவே நின்றது. மோட்டாரின் வலு இரண்டு வேளையும் ஒன்றுதான்.

இதையெல்லாம் நம்ப ஆய்வகம் தேவையில்லை. கண்ணை மூடி, ஒரு டம்ளரின் விளிம்பை இரண்டு விரல்களால் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவரை, எப்போது என்று சொல்லாமல், அதற்குள் ஒரு எலுமிச்சம்பழத்தைப் போடச் சொல்லுங்கள். பிறகு அதே பழத்தை நீங்களே மற்றக் கையால் போட்டுப் பாருங்கள். முதல் முறை டம்ளர் தொய்வதும் இரண்டாம் முறை அசையாமல் நிற்பதும் விரலிலேயே தெரியும். எவர்சில்வர் டம்ளரையே எடுங்கள், கண்ணாடி வேண்டாம்.